சிசிலியின் ஊர்கள் ஏன் மலையுச்சியில் இருக்கின்றன? ஓர் ஊருக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

கேள்வி: வரைபட வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாகச் சிசிலித் தீவின் வரலாற்றைப் படித்து வருகிறேன். கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமானியர், பைசாந்தியர், அரேபியர், நார்மானியர், அரகோனியர், ஸ்பானியர், போர்பன் அரசர்கள், இறுதியாக 1860ஆம் ஆண்டு மே மாதம் மர்சாலாவில் வந்திறங்கிய இத்தாலிய ஒருங்கிணைப்புப் போராளி கரிபால்டி என்று ஆட்சிகளின் வரிசை ஒருவாறு மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் ஊர்கள் என்னைத் தொடர்ந்து குழப்புகின்றன.

வரைபடத்தை விரித்தால் பலேர்மோ, கத்தானியா, மெஸ்ஸீனா, சிரகூசா, த்ராப்பனி ஆகிய ஐந்தும் கடலோரத்தில் இருக்கின்றன. உள்நாட்டுக்குள் நுழைந்தால் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. பல்லாயிரம் பேர் வாழும் ஊர்கள் குன்றின் உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே கோதுமை வயல்களைத் தவிர ஒரு சிற்றூர்கூடத் தென்படுவதில்லை. உழுகிறவர் தம் வயலுக்கு அருகில் குடியிருப்பதுதானே இயல்பு? இங்கு மட்டும் ஏன் இப்படி?

இரண்டாவது குழப்பம் பெயர்களைப் பற்றியது. ஒரு நூலில் அக்ரகாஸ் என்று வரும் ஊர், வேறொரு நூலில் ஜிர்ஜெந்தி என்றும், இன்றைய வரைபடத்தில் அக்ரிஜெந்தோ என்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றில் ஜெலாவைத் தேடினேன். அந்த இடத்தில் தெர்ரனோவா என்று அச்சிட்டிருந்தது. என்னாவைத் தேடினால் காஸ்த்ரோஜொவான்னி கிடைக்கிறது. இவை வெறும் பெயர் மாற்றங்களா, அல்லது ஊர்களே இடம் மாறினவா? அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: களிமண்ணும் பாறையும்

முதல் கேள்விக்கு நிலத்திலிருந்து தொடங்குவதே சரி. சிசிலி மத்தியதரைக் கடலின் மிகப்பெரிய தீவு. பரப்பு ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர். ஆயினும் அங்கே சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் மிகக் குறைவு. கத்தானியாவுக்குத் தெற்கே சிமெத்தோ ஆறு வண்டல் கொண்டுவந்து நிரப்பிய வெளி ஒன்றுதான் குறிப்பிடத்தக்க அளவில் பெரியது. வடக்கே பெலோரித்தானி, நெப்ரோதி, மதோனியே என்னும் மலைத்தொடர்கள் கடற்கரைக்கு இணையாக நீள்கின்றன. மதோனியேயின் உச்சி 1,979 மீட்டர் உயரம் உடையது. அவற்றுக்குத் தெற்கே தீவின் நடுப்பகுதி முழுவதும் களிமண், ஜிப்சம், கந்தகம் ஆகியவற்றால் ஆன குன்றுகளாக அலையலையாகக் கிடக்கிறது.

அந்தக் களிமண்ணில்தான் கோதுமை செழித்து விளைகிறது. ஆனால் அதன் மேல் வீடு கட்டுவது கடினம். குளிர்கால மழையில் அது ஊறி வழுக்கும். சரிவுகள் பெயர்ந்து இறங்கும். கோடையில் அதே மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். பல குன்றுகளின் தலையில் மட்டும் சுண்ணாம்புப் பாறையோ மணற்பாறையோ தொப்பிபோலக் கவிந்திருக்கிறது. மழைநீர் அந்தப் பாறைக்குள் இறங்கி, அடியில் உள்ள களிமண்ணைத் தாண்ட முடியாமல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. உறுதியான அடித்தளமும் குடிநீரும் ஒருசேர உயரத்தில் கிடைக்கும்போது, மக்கள் மேலே குடியேறியதில் வியப்பில்லை.

பள்ளத்தாக்குகளில் மலேரியா இருந்தது. ஆறுகள் கோடையில் வற்றிக் குட்டைகளாகத் தேங்கும். அந்தக் குட்டைகளில் கொசு பெருகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. பூச்சிக்கொல்லி தெளித்து நோயை ஒழிக்கும் வரை, வயலருகே இரவு தங்குவது உயிருக்கு ஆபத்து என்றே உழவர்கள் கருதினார்கள். எனவே விடியுமுன் கோவேறு கழுதையுடன் மலையிறங்கிப் பல மணி நேரம் நடந்து வயலை அடைவதும், அந்தியில் மீண்டும் ஏறுவதும் அவர்களுடைய அன்றாடமாயிற்று. அறுவடைக் காலத்தில் மட்டும் வைக்கோல் குடிசைகளில் தங்கினார்கள்.

கடலோரத்தில் வேறோர் அச்சம் இருந்தது. 1544இல் ஒட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசாவின் கப்பற்படை லிப்பாரித் தீவைச் சூறையாடி, அதன் மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கொண்டுசென்றது. அடுத்த தலைமுறையில், 1580களில், கமில்லோ கமிலியானி என்ற பொறியாளர் தீவின் கரை முழுவதையும் அளந்து, காவல் கோபுரங்கள் எங்கெங்கே வேண்டும் என்று அறிக்கை தந்தார். மதில் கட்டிக்கொள்ளும் வசதியிருந்த பெரிய துறைமுகங்கள் கடலோரத்தில் நிலைத்தன. சிறிய ஊர்களுக்கு அந்த வசதி இல்லை.

பதில்: கோதுமைக் கணக்கு

மேலே நண்பர் எழுதியவை அனைத்தும் உண்மை. ஆனால் அவற்றை மட்டும் கொண்டு அந்த வெறுமையை விளக்கிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. மலேரியாவும் களிமண்ணும் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல இடங்களில் உண்டு. சிசிலியின் உள்நாட்டில் சிற்றூர்கள் இல்லாமற்போனதற்கு, நிலம் யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையே நடந்த முதலாம் பியூனிக் போரின் முடிவில், கி.மு. 241இல், சிசிலி ரோமின் முதல் மாகாணமாயிற்று. அன்று முதல் அதன் பணி கோதுமை அனுப்புவது. ரோமானிய அரசியலாளர் கேட்டோ இத்தீவைக் குடியரசின் களஞ்சியம் என்றும் ரோமானிய மக்களின் செவிலித்தாய் என்றும் அழைத்ததாகச் சிசரோ குறிப்பிடுகிறார். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்கள் பெரும்பண்ணைகளில் உழைத்த அடிமைகள். கி.மு. 135 அளவில் யூனஸ் என்ற சிரியா நாட்டு அடிமையின் தலைமையில் அவர்கள் என்னாவைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் ஆண்டார்கள். ரோம் படைகளை அனுப்பித்தான் அவர்களை ஒடுக்க முடிந்தது.

பெரும்பண்ணை முறை ஆட்சிகள் மாறியபோதும் ஏதோ ஒரு வடிவில் திரும்பத் திரும்பத் தலைதூக்கியது. நீங்கள் பார்க்கும் உள்நாட்டு ஊர்களில் பல தொன்மையானவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் கோதுமை விலை ஏறியபோது, தம் நிலத்தை உழுவதற்கு ஆள் சேர்க்க விரும்பிய பிரபுக்கள், ஸ்பானிய மன்னரிடம் குடியேற்ற உரிமம் பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட புதிய ஊர்களை உருவாக்கினார்கள். ஊரும் குடிகளும் உடைய பிரபுவுக்குத் தீவின் நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கும் என்பது கூடுதல் ஈர்ப்பு. 1607இல் விட்டோரியா கொலொன்னா என்ற பெருமாட்டி நிறுவி, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் விட்டோரியா நகரம் அவற்றுள் ஒன்று. நேர்கோட்டில் வெட்டிக்கொள்ளும் தெருக்களைக் கண்டால், அது பெரும்பாலும் இவ்வாறு வரைந்து கட்டப்பட்ட ஊர் என்று கொள்ளலாம். குடியானவருக்குத் தெருவில் ஒரு வீடு கிடைத்தது. வயலோ குறுகிய காலக் குத்தகைக்குத்தான் கிடைத்தது. இந்த ஆண்டு கிழக்கே ஒரு துண்டு, அடுத்த ஆண்டு மேற்கே ஒரு துண்டு என்று மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் எவர் வீடு கட்டுவார்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. தென்கிழக்கே மோதிகா கோமகனின் ஆட்சிப்பகுதியில் நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகள் மேடு பள்ளமெல்லாம் ஓடுகின்றன. வேலிகளுக்குள் பண்ணை வீடுகளும் இருக்கின்றன. நிலவுடைமை மாறியதும் காட்சி மாறிவிட்டது.

பதில்: பெயர்களின் தடம்

நண்பரே, பெயர்களைப் பற்றிய உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. சிசிலி வரைபடத்தைப் பெயர்களைக் கொண்டே காலவாரியாகப் பிரித்துவிடலாம்.

அரேபியர் 827இல் மத்சாராவில் இறங்கினார்கள். 831இல் பலேர்மோவும், 859இல் என்னாவும், 878இல் சிரகூசாவும், 902இல் தவோர்மீனாவும் வீழ்ந்தன. அவர்கள் விட்டுச்சென்ற பெயர்கள் இன்றும் எங்கும் நிறைந்திருக்கின்றன. கால்தனிஸ்ஸெத்தா, கால்தாஜிரோனே, கால்தாபெல்லோத்தா ஆகியவற்றின் தொடக்கத்தில் இருப்பது கோட்டையைக் குறிக்கும் கல்ஆ என்ற அரபுச் சொல். கால்தாபெல்லோத்தா என்றால் ஓக் மரங்களின் கோட்டை. ஜிபெல்லீனா, ஜிபில்மன்னா ஆகியவற்றில் இருப்பது மலையைக் குறிக்கும் ஜபல். ராகல்முத்தோவில் இருப்பது சிற்றூரைக் குறிக்கும் ரஹ்ல். மர்சாலாவில் இருப்பது துறைமுகத்தைக் குறிக்கும் மர்ஸா. மிஸில்மேரி என்பது அமீரின் தங்குமிடம். எட்னா எரிமலைக்கு மொஞ்ஜிபெல்லோ என்றொரு பெயர் உண்டு. அதில் மலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அதே பொருளுடைய அரபுச் சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீர்ப்பாசனத் தொட்டிக்குச் சிசிலியர் சொல்லும் ஜெப்பியா கூட அரபியிலிருந்து வந்ததே. எலுமிச்சையோடும் கரும்போடும் வந்த சொல், தோட்டத்தைவிட்டுப் போகவில்லை.

நீங்கள் குறிப்பிட்ட காஸ்த்ரோஜொவான்னியின் கதை தனியே சொல்லத்தக்கது. தொன்மையான பெயர் ஹென்னா. உரோமானியக் கோட்டையானபோது காஸ்த்ரும் ஹென்னே என்றாயிற்று. அரேபியர் அதைத் தம் நாவுக்கேற்பக் கஸ்ர் யானி என்றார்கள். பின்னர் வந்தவர்களின் செவிக்கு யானி என்பது ஜொவான்னி என்று ஒலித்ததால், எந்த யோவானும் கட்டாத அந்தக் கோட்டை யோவானின் கோட்டையாகிவிட்டது. 1927இல், தொன்மைப் பெருமையை மீட்க விரும்பிய பாசிச அரசு, அதற்கு என்னா என்ற பெயரைத் திரும்பத் தந்தது. அதே ஆண்டில் ஜிர்ஜெந்தி அக்ரிஜெந்தோவாகவும், தெர்ரனோவா ஜெலாவாகவும் மாறின.

ஜெலாவைப் பொறுத்தவரை, ஊரும் தொடர்ந்து அங்கே இருந்ததில்லை. ரோட்ஸ், கிரீட் தீவுகளிலிருந்து வந்தவர்கள் கி.மு. 688 அளவில் நிறுவிய அந்நகரத்தை, கி.மு. 282 அளவில் பின்தியாஸ் என்ற அக்ரகாஸ் ஆட்சியாளர் அழித்து, மக்களைத் தன் பெயரில் கட்டிய புதிய ஊருக்குக் கொண்டுசென்றார். அதுவே இன்றைய லிக்காத்தா. பாழாய்க் கிடந்த பழைய மேட்டில் 1233இல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் புதிய ஊரொன்றை நிறுவினார். தெர்ரனோவா, அதாவது புதுநிலம், என்ற பெயர் அதனால் வந்தது.

ஒரு குளிர்கால நாளில் என்னாவுக்குச் சென்றிருந்தேன். ரயில் நிலையம் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஊரோ 931 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேருந்து வளைந்து வளைந்து ஏறி உச்சியை அடைந்தபோது மூடுபனியில் எதிர்த் தெருகூடத் தெரியவில்லை. நண்பகலில் பனி விலகியதும், பள்ளத்தாக்குக்கு அப்பால் எதிர்க்குன்றின் மேல் கலாஷிபெத்தா என்ற ஊர் சட்டென்று வெளிப்பட்டது. கிழக்கே வெகுதொலைவில் எட்னாவின் வெண்மை. என்னாவை முற்றுகையிட்ட நார்மானியக் கோமகன் முதலாம் ரோஜர் அந்த எதிர்க்குன்றில்தான் பாசறை அமைத்தார். 1061இல் தீவுக்குள் நுழைந்த நார்மானியர் 1087இல்தான் என்னாவைப் பெற்றார்கள் என்பது ஏன் என்று அந்த மதிலோரத்தில் நின்றபோது விளங்கியது.

பதில்: 1693க்குப் பின்

ஊர்களே இடம் மாறினவா என்று கேட்டிருந்தீர்கள். மாறின, பல முறை மாறின. ஜெலாவிலிருந்து சிரகூசாவுக்கு ஆட்சியை மாற்றிய கெலோன், கி.மு. 485 அளவில் ஜெலாவின் மக்களில் பாதிப்பேரையும் உடன் அழைத்துச் சென்றார். ஆனால் இன்று நாம் காணும் தென்கிழக்குச் சிசிலியை உருவாக்கியது நிலநடுக்கம்.

1693 ஜனவரி 9ஆம் நாள் ஓர் அதிர்ச்சி ஏற்பட்டது. இரண்டு நாள் கழித்து, 11ஆம் நாள், அதைவிடப் பன்மடங்கு வலிய நடுக்கம் வந்தது. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள். கத்தானியாவின் மக்களில் மூன்றில் இரு பங்கினர் அழிந்தார்கள். கமாஸ்த்ரா கோமகனான ஜுசெப்பே லான்ஸாவிடம் சீரமைப்புப் பொறுப்பை அரசப்பிரதிநிதி ஒப்படைத்தார். அவர் முன் இருந்த கேள்வி ஒவ்வோர் ஊருக்கும் ஒன்றே: அங்கேயே கட்டுவதா, வேறிடம் போவதா?

ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விடை சொன்னது. ஒக்கியோலா என்ற ஊரின் மக்களுக்காக இளவரசர் கார்லோ மரியா கராபா அருகிலேயே கிராமிக்கேலேயை அறுகோணமாக வரைந்தார். நடுவே அறுகோணச் சதுக்கம், அதிலிருந்து ஆறு திசைகளிலும் தெருக்கள். மீண்டும் நிலம் நடுங்கினால் ஓடிவந்து நிற்பதற்கு வெட்டவெளி வேண்டும் என்ற எண்ணம் அந்த அகன்ற சதுக்கங்களில் இருக்கிறது. ரகூசாவில் ஊரே இரண்டாகப் பிரிந்தது. பழைய பிரபுக் குடும்பங்கள் புனித ஜார்ஜ் தேவாலயத்தைச் சுற்றி, இடிந்த இடத்திலேயே, இன்று இப்லா எனப்படும் பகுதியைக் கட்டிக்கொண்டன. புதிதாக வசதி பெற்ற நிலக்கிழார்கள் மேலேயுள்ள மேட்டில், புனித யோவான் தேவாலயத்தைச் சுற்றி, நேர்த்தெருக்களுடன் வேறோர் ஊர் அமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டும் தனித்தனி நகராட்சிகளாகவே இருந்தன. 1926இல்தான் மீண்டும் இணைந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது நோத்தோ. பழைய நோத்தோ அல்வேரியா என்ற செங்குத்தான மலைமேல் இருந்தது. நார்மானியருக்கு 1091இல் கடைசியாகப் பணிந்த அரணும் அதுவே. நிலநடுக்கத்துக்குப் பின் கடலுக்கு இன்னும் அருகில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி, மெத்தி என்ற சரிவில் புதிய நகரம் எழுந்தது. பழைய மலைக்கே திரும்ப வேண்டும் என்று வாதிட்டவர்கள் பல ஆண்டுகள் ஓயவில்லை. ஆயினும் புதிய ஊரே நிலைத்தது. அருகில் வெட்டியெடுத்த மென்மையான சுண்ணாம்புக்கல் மாலை வெயிலில் தேன் நிறம் கொள்கிறது. கல் மென்மையானது என்பதால் கொத்தர்கள் மாடங்களின் தாங்குகற்களில் சிங்கம், குதிரை, மனிதமுகம் என்று விரும்பியதையெல்லாம் செதுக்க முடிந்தது. அதே மென்மையால் அது காலப்போக்கில் அரிக்கவும்படுகிறது. 1996 மார்ச் மாதத்தில் பேராலயத்தின் குவிமாடம் சரிந்து விழுந்தது. சீரமைத்து 2007இல்தான் திறந்தார்கள். நோத்தோ, ரகூசா, மோதிகா, ஷிக்லி, கத்தானியா உள்ளிட்ட எட்டு ஊர்களை யுனெஸ்கோ 2002இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

எல்லா இடமாற்றமும் இப்படி அமைந்துவிடவில்லை. 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கு நடுக்கத்தில் ஜிபெல்லீனா தரைமட்டமாயிற்று. புதிய ஊரைப் பழைய இடத்திலிருந்து வெகுதொலைவில், நெடுஞ்சாலைக்கு அருகே கட்டினார்கள். பழைய ஊரின் இடிபாடுகளின் மேல் ஆல்பெர்த்தோ புர்ரி என்ற கலைஞர் வெள்ளைக் கான்கிரீட்டைப் போர்த்தினார். பாளங்களுக்கு இடையே ஆளுயரப் பிளவுகள் பழைய தெருக்களை ஒட்டியே செல்கின்றன. அந்தப் பிளவுகளில் நடப்பவர், ஒரு காலத்தில் வாசல்கள் இருந்த இடங்களைக் கடந்தே நடக்கிறார்.

கேட்டவர்: வரைபட வாசகர்

மூவருக்கும் ஒரு புறம், நோத்தோவைப் பற்றி எழுதிய நண்பருக்கு மறுபுறம் என்று நன்றியைப் பிரிக்க மனமில்லை, நால்வருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி மட்டும். நோத்தோ இடம் மாறியது என்றால், எட்னாவின் காலடியிலேயே இருக்கும் கத்தானியா ஏன் மாறவில்லை? அதே போல, பலேர்மோவின் கிரேக்கப் பெயரான பனோர்மோஸ் முழுவதும் துறைமுகம் என்று பொருள்படும் என்கிறார்கள். இன்றைய வரைபடத்தில் அவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகம் எதுவும் தெரியவில்லையே?

பதில்: களிமண்ணும் பாறையும்

பலேர்மோவுக்கு முதலில் விடை சொல்கிறேன், அது சுருக்கமானது. பழைய நகரம் பப்பிரேத்தோ, கெமோனியா என்னும் இரு சிற்றாறுகளுக்கு நடுவே நீண்ட ஒரு மேட்டில் இருந்தது; கடல் இருபுறமும் ஆற்றுவாய்கள் வழியாக உள்ளே புகுந்திருந்தது. நூற்றாண்டுகளில் வண்டல் சேர்ந்து குடா தூர்ந்தது. ஆறுகளைத் திசைதிருப்பி மூடினார்கள். துறைமுகத்தின் எச்சமாக இன்று எஞ்சியிருப்பது காலா என்ற சிறிய வளைவு. மேட்டின் முதுகெலும்பாக ஓடிய தெரு மட்டும் அப்படியே இருக்கிறது. கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அதற்குக் காஸ்ஸரோ என்று பெயர்.

கத்தானியா மாறாததற்கு மண்ணும் நீரும் துறைமுகமும் காரணங்கள். எரிமலைச் சாம்பல் சிதைந்த மண்ணில் கொடிமுந்திரியும் எலுமிச்சையும் விளைகின்றன. எட்னாவின் பனிநீர் எரிமலைக் கல்லூடே கசிந்து அடிவாரத்தில் ஊற்றாகிறது. 1669 மார்ச் 11ஆம் நாள் நிக்கொலோசிக்கு அருகே மலையின் பக்கவாட்டில் பிளவு திறந்தது. நான்கு மாதம் ஓடிய எரிமலைக் குழம்பு வழியில் இருந்த சிற்றூர்களை விழுங்கி, கத்தானியாவின் மதிலை எட்டி, மேற்குப் பகுதிக்குள் புகுந்து கடலில் இறங்கியது. தியேகோ பப்பலார்தோ என்பவரும் அவருடன் சென்றவர்களும் நனைத்த தோல்களைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கம்பிகளால் குழம்பின் கெட்டித்த விளிம்பை உடைத்து, ஓட்டத்தைத் திருப்ப முயன்றார்கள். திரும்பிய குழம்பு தங்கள் ஊரை நோக்கி வரும் என்று அஞ்சிய பத்தெர்னோ மக்கள் ஆயுதத்துடன் வந்து அவர்களைத் தடுத்தார்கள். இரண்டாம் பிரெடெரிக் கடலோரப் பாறைமேல் கட்டிய உர்சீனோ கோட்டையைச் சூழ்ந்து குழம்பு உறைந்தது. இன்று அங்கிருந்து கடலுக்குச் செல்லத் தெருக்களைத் தாண்டி நடக்க வேண்டும்.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்குள் நிலநடுக்கமும் வந்தது. எஞ்சியவர்கள் உறைந்த குழம்பையே கல்லாக வெட்டி, அதன் கருமையோடு சுண்ணாம்புக்கல்லின் வெண்மையைச் சேர்த்து, அகன்ற நேர்த்தெருக்களுடன் அதே இடத்தில் கட்டினார்கள். பேராலயச் சதுக்கத்தில் நிற்கும் யானையும் எரிமலைக் கல்லால் ஆனதே; கட்டடக்கலைஞர் வக்கரீனி அதை நீரூற்றின் மேல் நிறுத்தினார். அதற்குச் சில அடிகள் தள்ளி, மீன் சந்தைக்கு இறங்கும் படிகளுக்கருகே, எரிமலைக் கல்லுக்கு அடியில் மறைந்து ஓடும் அமெனானோ ஆறு ஒரு வெண்கல் தொட்டியின் விளிம்பிலிருந்து திரைபோல வழிந்து, மீண்டும் தரைக்கடியில் இறங்கிவிடுகிறது.